அப்பாத்துரை சொன்ன மாட்டு நிலவரம்

பாளையங்கோட்டையில் ஓர் உரக்கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பாத்துரை. உரம் விற்றதற்காக அவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தாமிரபரணியின் இரு கரையிலும் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிற ஊர்களில் அவர் குரல் தெரியாதவர் கிடையாது. அம்மன் கோயில் கொடையோ, மாதா கோயில் அசன விருந்தோ, பந்தயம் என்று வைத்துவிட்டால் மைக் அவர் கையில்தான்.

மைக்கில் அவருக்கு இரண்டு வேலை. வண்டிகளைப் பூட்டி வரிசையில் நிறுத்தியதும், ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துவிட்டு வந்து, எது முதலில் வரும், எது அடுத்தது, எது திருப்பத்தோடு சரி என்று காரணத்தோடு சொல்வார். இதற்கு நிலவரம் என்று பெயர். பிறகு வண்டிகள் ஓடும்போது நடப்பதைச் சொல்வார். அதைக் கண்ணுள்ள யாரும் சொல்லிவிடலாம் என்பார். நிலவரத்துக்குத்தான் கூட்டம் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர் என்பதால் அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தான் சொன்னது தப்பிப்போனால் மற்றவர்கள் சொல்லும் முன் அவரே மைக்கில் அதைச் சொல்லிவிடுவார். அதனாலேயே அவர் பேச்சுக்கு மதிப்பு.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு. நான் சுபைதா பேகம், மேலப்பாளையத்துக்காரி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, வீட்டோடு நோயாளியைக் கவனிக்கிற பயிற்சியும் எடுத்து, இந்த வயதிலும் அதையே செய்கிறேன். அவர் மனைவி ஹெப்சிபா முதல் நாளே என்னிடம் நிலைமையைச் சொல்லிவிட்டாள்.

"இடது கை கொஞ்சம் மந்தம். நடக்குதாங்க, கம்பு வச்சுக்கிட்டு. பேச்சு ஒரு எழுத்து குறையல. அது குறைஞ்சிருந்தாலாவது வீட்டுல கெடப்பாங்க. கண்ணுதான் போயிட்டுன்னு நெனைக்கேன்."

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தாரு. கண்ணு நல்லா இருக்குங்காரு. புதுக் கண்ணாடி வாங்கியும் கோயில்ல பாடம் வாசிக்கும்போது பாதிப் பாதியா வாசிக்காங்க. ஆபிரகாமே இல்லாம ஈசாக்கு வந்து நிக்கான்."

அதைவிடப் பெரிய காரியம் சேரன்மாதேவிப் பக்கம் ஒரு சின்னப் பந்தயத்தில் நடந்திருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் போன முதல் பந்தயம். ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இதை அடிக்க ஆள் இல்லை, பாறை மாதிரி நிற்கிறது என்று ஒரே போடாகப் போட்டார். கூட்டத்தில் சிரிப்பு. அந்த ஜோடியில் நுகத்தின் வலப்பக்கம் நிற்கிற வலத்து மாடு பாறைதான். இடப்பக்கம் நின்ற எடத்து மாடு அப்போதே பின்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் அந்த வண்டி நின்றே போயிற்று. அன்றைக்கும் அவரே மைக்கில் தப்பைச் சொன்னார். ஆனால் ஏன் தப்பிற்று என்று அவருக்கே விளங்கவில்லை.

நான் போன அன்று காலையில் தட்டில் இட்லி வைத்தேன். வலது பக்கம் இருந்ததைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு வையுங்கக்கா" என்றார். இடது பக்கம் இட்லி அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். அதையும் தின்றார். முகம் மழித்துவிட்டு வந்தபோது இடது கன்னத்தில் தாடி அப்படியே இருந்தது. இது கண்ணில் உள்ள கோளாறு இல்லை. மூளையின் வலது பக்கத்தில் அடி விழுந்தால் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. இருட்டாகத் தெரியாது, மங்கலாகத் தெரியாது. இல்லாமலே போய்விடும். இல்லாததை ஒருவர் தேட மாட்டார். அதனால் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அவரும் நம்பவில்லை. நாற்காலியைத் தெருவைப் பார்த்து வாசலில் போட்டு உட்கார வைத்தேன்.

"அண்ணாச்சி, தெருவுல என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

"என்னக்கா, எனக்குப் பாடம் நடத்துதியளா? டீக்கடை. அதுக்கு அங்கன தையல்கடை. அதுக்கும் அங்கன தண்ணித் தொட்டி."

"வேற?"

"வேற என்ன. அவ்வளவுதான் தெரு."

நாற்காலியைத் திருப்பி, முதுகு தெருவுக்கு இருக்கும்படி போட்டு, கழுத்தை வலது பக்கம் திருப்பச் சொன்னேன். அப்போது கோயில் மணிக்கூண்டு அவர் கண்ணுக்கு வந்தது. அவர் ஞானஸ்நானம் எடுத்த கோயில், கல்யாணம் கட்டிய கோயில். வாசலில் உட்கார்ந்தால் இடது பக்கம் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை நான் ஏன் சொல்லல?"

"சேரன்மாதேவியில எடத்து மாட்டையும் இதே மாதிரிதான் சொல்லல."

அவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் மதியச் சமையலைக் கவனித்தேன். அழுதாரா என்று தெரியாது. கேட்கவில்லை.

மாலையில் அவரே வந்தார். "பந்தய ரோட்டுல திருப்பம் வலது பக்கம்தான் வரும்" என்று ஆரம்பித்தார். "நடுவுல ஒரு தார் பீப்பாய வச்சிருப்பான். அதைச் சுத்தித் திரும்பணும். அப்ப வலத்து மாடு உள்பக்கம் வரும். அது நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தி வச்சாப் போதும். வெளிய நீட்டி ஓடித் திரும்புதது எடத்து மாடுதான். திருப்பத்துல ஜெயிக்கதும் தோக்கதும் அது கையில. அதைப் பாக்காம சொல்லியிருக்கேன்."

"அப்போ பாக்கப் பழகணும்."

இடது தோள் கண்ணில் படுகிறவரை கழுத்தைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது தெரிகிறவரை வரியைத் தேடிப் போகச் சொன்னேன். பாடம் வாசிப்பது சரியாயிற்று. ஆனால் மனம் எதிலாவது பாய்ந்தால் கழுத்து திரும்ப மறந்துவிடும். மாட்டைப் பார்த்தால் மனம் பாயாமல் இருக்குமா?

அப்போதுதான் கருத்தையா வந்தார். ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே ஓர் ஊரில் கொடைக்குப் பந்தயம் வைக்கிறவர், அப்பாத்துரைக்கு வெகுநாள் சிநேகிதர். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மாட்டுத் தீவனம், மழை என்று பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கோவிச்சுக்கிடாதீரும். கமிட்டியில பையன்மாரெல்லாம் ரிச்சர்டக் கூப்பிடணும்ங்கான். பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரா இருக்கான்லா, அவன். தொண்டை நல்ல தொண்டை. நான்தான் இந்தத் தடவ ஒம்மக் கூப்பிடணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். நிலவரம் சரியா வந்துட்டுன்னா அவனுவ வாய அடைச்சிருதேன். போன தடவ மாதிரி ஆச்சுன்னா, இந்தப் பக்கம் பூராவும் ஒம்ம கையில மைக்கு வராது வே. எனக்கும் பேச வாயி இருக்காது."

"வாரேன்" என்றார் அப்பாத்துரை.

ஹெப்சிபா அடுப்படியிலிருந்தே, "ஒத்தக் கால்ல ரெண்டு பேரும் நில்லுங்க, நல்லா இருக்கும்" என்றாள்.

கருத்தையா போன பிறகு என் யோசனையைச் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தால் எடத்து மாடு இவருக்கு இடது பக்கம் வரும், காணாமல் போகும். முன்னால் போய் நின்று பார்த்தால் அதே மாடு இவருக்கு வலது பக்கம் வந்துவிடும். பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. இரண்டு மாடும் முழுசாகக் கிடைக்கும்.

"நல்ல யோசனைதான். யாரும் விடமாட்டான்" என்றார்.

பூட்டி நிற்கிற பந்தய மாட்டுக்கு நேர் முன்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். மாடு மிரளும் என்பது ஒன்று. கண் படும் என்பது அதைவிடப் பெரியது. பார்க்கிறவர்கள் பின்னாலிருந்தும் சக்கரத்து ஓரத்திலிருந்தும்தான் பார்க்க வேண்டும். பூட்டும் முன்பே பார்த்துவிடுங்களேன் என்றேன். அது தனி மாடு, நுகத்தில் சேர்ந்து நின்றால்தான் ஜோடி, தனி மாட்டைப் பார்த்து நிலவரம் சொல்ல நான் தரகு வியாபாரி இல்லை என்றார்.

"அப்ப காரணத்தைச் சொல்லிக் கேளுங்க."

"எனக்குப் பாதி உலகம் தெரியலன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமாக்கும்."

"சொல்லாட்டியும் போன தடவ தெரிஞ்சுதான போச்சு."

கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பந்தயத்தன்று காலையில் காரில் போனோம். ஹெப்சிபாவும் வந்தாள், தொப்பியும் மோரும் எடுத்துக்கொண்டு. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல், வரப்பெல்லாம் ஆள். பெரிய மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அப்பாத்துரை கம்பை ஊன்றிக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நடந்தார். நான் அவருக்கு இடது பக்கம். முதல் வண்டிக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பினார். இரண்டாவதில் ஒரு நல்ல வெள்ளைக் காளை வலத்தில் நிற்க, அதிலேயே நின்றுவிட்டார். எடத்துப் பக்கம் கழுத்து போகவே இல்லை. தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தார், எடத்து மாட்டையும் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கருத்தையாவிடம் போய், முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். கருத்தையா மாட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"ஒருத்தனும் ஒத்துக்கிட மாட்டேங்கான். காரணம் என்னன்னு கேக்கான். பின்னால இருந்தே பாத்து பொதுவா ரெண்டு வார்த்த சொல்லிரும் வே. எல்லா ஜோடியும் நல்ல ஜோடின்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

"அதுக்கு ரேடியோவ வைக்கலாமே" என்றார் அப்பாத்துரை. அப்புறம் மைக்கை வாங்கினார்.

"மாட்டுக்காரங்களுக்கும் ஊர்க்காரங்களுக்கும் ஒரு செய்தி. எனக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் எடது பக்கம் போக மாட்டேங்கு. எடது பக்கம் ஒண்ணு இருக்குங்கதே எனக்கு மறந்து போகுது. போன தடவ நான் எடத்து மாட்டப் பாக்கவே இல்ல. வலத்தப் பாத்துட்டு ஜோடியப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டேன். முன்னால வந்து நின்னா எனக்கு எடத்து மாடு தெரியும். விட்டியன்னா முழு நிலவரம் சொல்லுதேன். விடாத வண்டிக்குப் பாதி நிலவரந்தான்."

வரப்பிலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, அப்ப வீட்டுல அம்மா எந்தப் பக்கம் நிப்பாங்க?"

"நாப்பது வருசமா எடது பக்கந்தான். இப்பந்தாம்லே கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்."

ரோடே சிரித்தது. காருக்குள் இருந்த ஹெப்சிபா, "வீட்டுக்கு வரட்டும்" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கீழக்குளத்து வண்டிக்காரர் முதலில் கையைக் காட்டினார். "வாரும், பைய வாரும். நம்ம மாடு மனுசனப் பாத்து மிரளாது." அவர் விட்டதும் அடுத்தவரும் விட்டார். ஒவ்வொருவரும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் முன்னால் போய் நின்று பார்த்தார். நான் பக்கத்தில் நின்று அவர் கால் தடுக்காமல் பார்த்துக்கொண்டேன். மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மேலப்புதூர்க்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அய்யா காலத்துல இருந்து யாரையும் முன்னால விட்டது இல்ல. தப்பா நெனைக்காதீரும்."

"ஒண்ணும் நெனைக்கல வே. ஒமக்குப் பாதி."

மேடைக்கு வந்து நிலவரம் சொன்னார். "கீழக்குளம் ஜோடி. வலத்து மாடு அடக்கமானது, கழுத்தை நுகத்துல குடுத்துட்டு நிக்கி. எடத்து மாடு நெஞ்சு அகலம், கால் நீட்டி வைக்கும். திருப்பத்துல கெட்டி. நான் முதல்ல சொல்லுதது இதைத்தான். அடுத்த வண்டி, வெள்ளக் காளை. பாக்க அழகு. கூடப் பூட்டியிருக்க எடத்து மாடு பழக்கப்பட்டது வலத்துல. கழுத்துத் தழும்பப் பாத்தாத் தெரியும். நேர் ரோட்டுல வரும், திருப்பத்துல வராது. மேலப்புதூர் ஜோடி. வலத்து மாடு ரொம்ப நல்ல மாடு. எடத்து மாடு ஒண்ணு கட்டியிருக்குதாச் சொல்லுதாங்க. நான் பாக்கல."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அதற்கப்புறம் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

வண்டிகள் கிளம்பின. திருப்பம் தூரத்தில் இருந்தது, அங்கிருந்து போனில் செய்தி வந்தது. வெள்ளைக் காளை வண்டி பீப்பாயைச் சுற்ற முடியாமல் வயலில் இறங்கிவிட்டது. சாரதிக்குச் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மேடையில் எல்லாரும் அப்பாத்துரையைப் பார்த்தார்கள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வண்டிகள் தெரிந்தன. "கீழக்குளம் முன்னால வருது, கீழக்குளம் தனியா வருது" என்று சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் ஏதோ கத்தியது. கீழக்குளத்தை ஒட்டி, அவருக்கு இடது பக்கமாக மேலப்புதூர் வண்டி சக்கரத்துக்குச் சக்கரம் வந்துகொண்டிருந்தது. அவர் இன்னும், தனியா வருது, தனியா வருது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடைக்குக் கீழே இருந்தேன். எட்டித் தொட முடியவில்லை.

கமிட்டிப் பையன்களோடு மேடைக்கு வந்து பக்கத்தில் நின்ற ரிச்சர்ட் அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னான். அப்பாத்துரை கழுத்தைத் திருப்பினார். மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டார். மீதி ஓட்டத்தை ரிச்சர்ட்தான் சொன்னான். மேலப்புதூர் ஒரு கழுத்து அளவுக்கு முந்தி வந்தது. கீழக்குளம் இரண்டாவது.

எல்லாம் முடிந்ததும் அப்பாத்துரை மைக்கைத் திரும்ப வாங்கினார். "முதல்ல வரும்னு சொன்னது ரெண்டாவது வந்திருக்கு. பாதி பாத்த மாடு முதல்ல வந்திருக்கு. மீதிப் பாதியும் நல்லா இருந்திருக்கும் போல" என்றார். மேலப்புதூர்க்காரர் மாலையும் கழுத்துமாக நின்று சிரித்தார்.

பந்தலில் சாப்பாடு. கருத்தையா இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கமிட்டியில ஒரு பய வாயத் தொறக்கல வே. நிலவரம் நின்னுட்டு. வெள்ளக் காளையச் சொன்னீருல்லா, அதுலயே அடங்கிட்டானுவ. இனிமே மைக்கு ஒமக்குத்தான்."

"நிலவரம் எனக்கு" என்றார் அப்பாத்துரை. "ஓட்டம் ரிச்சர்டுக்கு."

"எதுக்கு? ஒரு தடவ தப்பிச்சு. யாருக்குத் தப்பாது?"

"நிக்கிற மாட்ட நான் சுத்தி வந்து பாத்துக்கிடுவேன். ஓடுத மாட்ட யாரு எனக்காகச் சுத்தி ஓட்டுவா? ஒரு வண்டி சாய்ஞ்சு கூட்டத்துக்குள்ள வந்தா, விலகுங்கன்னு மைக்குல சொல்லுத ஆளு நான்தான். அது எடது பக்கம் வந்தா?"

கருத்தையா ரசத்தைக் குடித்துக்கொண்டே யோசித்தார். ரிச்சர்டைக் கூப்பிட்டார். அவன் வந்து, "மாமா, ரெண்டையும் நீங்களே பாருங்க, நான் பக்கத்துல நிக்கேன்" என்றான்.

"பக்கத்துல நிக்கதுக்கு எனக்கு அக்கா இருக்காங்க. நீ பேசு" என்றார். இலையின் இடது பக்கம் இருந்த அவியலை நான் வலது பக்கம் தள்ளி வைத்தேன். தின்றார்.

வருகிற வழியில் ஹெப்சிபா கேட்டாள். "அப்ப பாதி வேல போயிட்டு."

"ஆமா."

"சங்கடமா இருக்கா?"

"இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் வெள்ளைக் காளையோடு பூட்டியிருந்த எடத்து மாட்டின் கழுத்துத் தழும்பைப் பற்றி டிரைவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் சில பந்தயங்களுக்கு அவரோடு போயிருக்கிறேன். நிலவரம் அவர் சொல்வார், வண்டி கிளம்பியதும் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்துகொள்வார். சில நாள் ரிச்சர்ட் ஒரு வண்டியைத் தப்பாகச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே முனகுவார். மாட்டுக்காரர்கள் இப்போது அவரைக் கண்டதும் தாங்களாகவே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னால் வர வழி விடுகிறார்கள். மேலப்புதூர்க்காரரும்தான்.

போன கொடையில் புதிதாக வந்த ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணாச்சி, நம்ம வலத்து மாட்டுக்கு நேத்துல இருந்து கொஞ்சம் வயிறு சரியில்ல. இன்னிக்கு முன்னால இருந்து மட்டும் பாத்துச் சொல்லிருமே. அங்கன நின்னா அது ஒமக்கு எடது பக்கம்லா."

"அப்ப எடத்து மாட்ட மட்டும் பூட்டிக்கிட்டு ஓட்டும் வே" என்று சொல்லிவிட்டு, அப்பாத்துரை கம்பை ஊன்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்.